பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர்

அந்தத் தெருவிலேயே பெரிய கண்ணாடிக் கடை அது. உள்ளே நுழையும் ஒரே ஆளைச் சுவரெங்கும் பத்துப் பேராகக் காட்டும். முதலாளி இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தாடையை லேசாகத் தூக்கி நின்றுவிட்டால் விலை இனிக் குறையாது என்று அர்த்தம். பழைய வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்ததும் பேரத்தை விட்டுவிடுவார்கள்.

அத்தனை கண்ணாடி இருந்தும் அவர் மகள் முகம் மட்டும் அவற்றில் விழுந்ததே இல்லை. வீட்டில் மைனா என்று கூப்பிடும் அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம். மூடிய பின்னறையில் அட்டைப் பெட்டிகளோடு அட்டைப் பெட்டியாக இருப்பாள். கண்ணாடி உடைந்துவிடும் என்பது வெளியே சொன்ன காரணம். வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்பது உள்ளே இருந்த காரணம்.

மைனா குதிகால் படாமல் நுனிக்காலில் நடப்பாள்; முதுகு முன்னால் வளையும். பிறர் நிற்பதைப் பார்த்து அதே போல் நிற்கப் பழக்கும் பிசியோ அம்மாவிடம் அவளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தவள் முதலாளியின் மனைவிதான். மாதக் கணக்கில் போயும் பலன் இல்லை, வகுப்பை நிறுத்திவிடுவோம் என்ற முடிவோடு ஒருநாள் முதலாளியும் கூடப் போனார்.

அங்கே மைனா நுனிக்காலில் ஆடினாள். பிசியோ அம்மாவும் ஆடினார். மைனா தோளைக் குலுக்கினாள்; அவரும் குலுக்கினார்.

“நல்லாயிருக்கு,” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார் முதலாளி. “பாடம் சொல்லித் தரச் சொன்னா, இவங்க நம்ம பொண்ணுகிட்ட பாடம் படிக்கிறாங்க.”

“கொஞ்சம் வாய மூடிட்டுப் பாருங்க. யாராவது உங்கள மாதிரியே செஞ்சா நீங்க திரும்பிப் பாப்பீங்களா மாட்டீங்களா?”

மைனா திரும்பிப் பார்த்தாள். அதற்காகவே காத்திருந்த பிசியோ அம்மா நிமிர்ந்து நின்று இரு கைகளையும் உயர்த்தினார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை வலித்திருக்கும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது? கடைசியில் மைனாவின் கைகளும் மெல்ல எழுந்தன. ஆனால் உள்ளங்கைகள் அவள் முகத்தையே பார்த்திருந்தன.

“தப்பு, தப்பு,” என்று எழுந்தோடிய முதலாளி, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார். மைனா வீறிட்டுக்கொண்டு மேசைக்கடியில் போய்ச் சுருண்டாள்.

பிசியோ அம்மா கோபப்படவில்லை. தன் கையை மறுபடி உயர்த்தினார். “ஐயா, என் கையில இப்ப உங்களுக்கு எது தெரியுது?”

“உள்ளங்கை.”

“அவ கையத் தூக்கினப்ப அவளுக்கு எது தெரிஞ்சுது?”

முதலாளி தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“அதே உள்ளங்கைதான். கண்ணுல பட்டத அப்படியே செஞ்சிருக்கா. மாதிரியில காட்டின சரக்கத்தான் குடுத்தா. நீங்க வேணாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க.”

வியாபாரிக்கு வியாபாரப் பேச்சு உறைத்தது. “இப்ப நான் என்னங்க பண்ணணும்?”

“எதிர்ல நிக்காதீங்க, பக்கத்துல நில்லுங்க. ரெண்டு பேரும் முழுசாத் தெரியற மாதிரி முன்னாடி ஒரு பெரிய கண்ணாடி வேணும். இங்க இருக்கறதுல முகம் மட்டும்தான் தெரியும்.”

“அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு நாங்க எங்க போவோம்?” என்றாள் மனைவி, கணவரைப் பார்த்துக்கொண்டே.

முதலாளிக்குச் சில நாள் வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. மகளைக் கடை நடுவில் நிறுத்தினால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று ஒரு பக்கம் யோசனை. சரியாகச் செய்த பிள்ளையின் கையைத் திருகினோமே என்று மறுபக்கம் குத்தல். கடைசியில் குத்தல்தான் ஜெயித்தது. பின்னறைக் கதவு திறந்தது; அப்பாவும் மகளும் கடை நடுவே ஓர் ஆளுயரக் கண்ணாடி முன் நின்றார்கள்.

ஆனால் மைனா கண்ணாடிக்குள் தன்னைப் பார்க்கவே இல்லை. சாய்வாகத் தேய்த்த அதன் ஓரத்தில் வெளிச்சம் நிறம் நிறமாக உடைவதையே பார்த்தாள். விற்க வைத்திருந்த அந்தக் கண்ணாடியின் ஓரம் முழுக்க முதலாளி காகித நாடா ஒட்டி மறைத்தார். அவள் ஆடினால் அவரும் ஆடினார். தொந்தியும் சட்டைப்பையில் பேனாவுமாக ஒரு பெரிய மனிதர் நுனிக்காலில் தள்ளாடுவதைச் சுவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.

அப்படியொரு காலையில் கட்டட மேஸ்திரி ஒருவர் வந்தார். கடைக்குப் பழைய ஆள். “என்ன முதலாளி, இந்த வயசுல டான்ஸ் கிளாஸா?”

முன்பென்றால் முதலாளிக்கு மானம் போயிருக்கும். “இருங்க மேஸ்திரி, வேலையா இருக்கேன்,” என்றார். குதிகால்களை மெல்லத் தரையில் பதித்தார். முதுகை நிமிர்த்திக் கைகளை உயர்த்தினார். மைனா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தன்னை. ஒரு குதிகால் இறங்கியது. சற்றுப் பொறுத்து மற்றதும் இறங்கியது. வளைந்த முதுகு கொஞ்சம் நிமிர, கைகள் உயர்ந்தன. உள்ளங்கைகள் கண்ணாடியைப் பார்த்திருந்தன.

முதலாளி கையை இறக்க மறந்து நின்றார்.

“பாவம், பொண்ணுக்கு என்னங்க?” என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி.

“பாவமெல்லாம் ஒண்ணுமில்ல. இவ என் பொண்ணு. ஆட்டிசம் இருக்கு. கத்துக்க இவ எப்பவோ தயாரா இருந்தா. நான்தான் உள்ள பூட்டி வச்சுட்டு, ஒண்ணுமே கத்துக்கலன்னு குறை சொல்லிட்டிருந்தேன். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எதிர்ல நின்னு அதட்டுற ஆளு வேணாம் மேஸ்திரி, பக்கத்துல நிக்கற ஆளு வேணும். அதுவும் நாலு பேர் பாக்கற எடத்துல நிக்கணும்.”

மேஸ்திரி வந்த வேலைக்குத் திரும்பினார். “சரி, எனக்கு ஜன்னல் கண்ணாடி வேணும். பழைய ஆளு நான், பாத்துக் குறைச்சுப் போடுங்க.”

பழக்கதோஷம், முதலாளியின் கை இடுப்புக்குப் போனது, தாடை எழுந்தது. யாரும் சொல்லாமலே, பக்கத்தில் ஒரு சின்னக் கையும் இடுப்பில் ஊன்றியது. ஒரு சின்னத் தாடையும் எழுந்தது.

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு முதலாளின்னா எப்படியாவது சமாளிச்சிருப்பேன்,” என்றார். “சொன்ன விலைக்கே போடுங்க.”