அமீராவின் இரண்டாவது கார்டு

பக்கத்து வீட்டு அமீரா கணினியை முடுக்கினால், அதன் விசிறிக் காற்றில் எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காயும் துணி கடல் தாண்டி ஜொகூருக்கே பறந்துவிடும். உள்ளே இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போய் அவளுக்கு ஆறு மாதம். சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர் இது: ஒரு பல் மருத்துவமனைக்கு, கடைவாய்ப்பல் ஆடிப்பாடும் அனிமேஷன். திங்கள் காலை ஒன்பதுக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டு கார்டும் உழைத்தால் ஞாயிறன்றே படம் தயாராகிவிடும். ஒன்று மட்டுமென்றால் செவ்வாய்.

சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவள், சாவியைக் கொடுத்து, கணினியைத் தூசி தட்டி வைக்கச் சொன்னாள். தட்டினேன். கூடவே, அவளுக்குப் பரிசாக வாங்கி வைத்திருந்த விரல்நீளச் சேமிப்புக் குச்சி ஒன்றை மதர்போர்டில் காலியாக இருந்த இடத்தில் சொருகினேன். முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவனுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

திரும்பி வந்து கணினியைப் போட்டவள் திகைத்து நின்றாள். "அங்கிள், ரெண்டாவது கார்ட காணோம். செத்துப்போச்சு போல."

"காலையில மின்னல் அடிச்சுச்சேம்மா."

"எங்க? வெயில் கொளுத்துது."

"இங்க இல்ல, புக்கிட் மேராவுல."

அவள் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்தாள். "ஆஸ்பத்திரியில வேற ஆள பாத்துக்கச் சொல்லிர்றேன். கடைசி நேரத்துல சொன்னா அவங்களுக்கும் கஷ்டம்."

குரல் நடுங்கியிருந்தால்கூட இன்னும் இரண்டு மின்னல் விட்டிருப்பேன். நடுங்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஃபோன வைம்மா. நான் உள்ள ஒரு குச்சி சொருகுனேன்."

அவள் போர்டின் கையேட்டைப் புரட்டினாள். "பிராசசர்லேர்ந்து டேட்டா போக பதினாறு லேன்தான் வருது அங்கிள், ரோட்டுல இருக்குற மாதிரி. ரெண்டு கார்டும் எட்டு எட்டா எடுத்துக்கும். நீங்க சொருகுன இடமும் அதே லேனைத்தான் கேக்கும். அங்க எதையாச்சும் சொருகுனா, ரெண்டாவது கார்டுக்கு வழியை அடைச்சிடும்."

"காலியாத்தானேம்மா கெடந்துச்சு?"

"நம்ம கார்பார்க்ல சிவப்புக் கோடு போட்ட லாட்டும் பகல்ல காலியாத்தான் கெடக்கு. மாசா மாசம் காசு கட்டுற சீசன் பார்க்கிங் இல்லாதவங்க நிறுத்தலாமா?"

அப்படி நிறுத்துகிறவர்களைப் பன்னிரண்டாம் மாடியிலிருந்தே திட்டுகிறவன் நான். கணினியை அணைத்துக் குச்சியைப் பிடுங்கினேன்.

கணினி மறுபடி எழுந்தது. திரையில் இரண்டு கார்டுகளின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அமீரா நாற்காலியில் சரிந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் குச்சியைச் சட்டைப்பையில் ஒளித்தேன்.

"திங்கக்கெழம வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க லா," என்றாள், கையை எடுக்காமலே. "மீன் கறி நானே கொண்டாந்து தரேன்."

திங்கள் எட்டரைக்குப் பல் போய்ச் சேர்ந்தது. புதனன்று அதே மருத்துவமனை அடுத்த ஆர்டரும் கொடுத்தது. இந்த முறை ஈறு. அதுவும் ஆட வேண்டுமாம்.