பௌர்ணமித் தண்ணீர்

"பௌர்ணமிக்கு மட்டும் கடையில இருந்துடும்மா. மத்த நாள்ல நீ எந்த ஊருக்கு வேணா வேலைக்குப் போ."

"அவ்வளவுதானா அத்தை? இருந்துடுறேன்."

நிச்சயதார்த்தத்தன்று ஜோதியம்மாளும் அவளுடைய வருங்கால மருமகள் தென்றலும் பேசிக்கொண்டது இது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர்களுக்கு ஒரு டீக்கடை. மாதமெல்லாம் ஈ ஓட்டினாலும் பௌர்ணமியன்று மூச்சுவிட நேரமிருக்காது. கடலும் அதே நாளைக் கேட்கும் என்று தென்றலுக்கு அப்போது தெரியாது.

சுனாமிக்குப் பிறகு, சிதம்பரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அலையாத்திக் கன்று நடுவதை மேற்பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வருடத்துக்கு வருடம் உள்ளே ஏறிவரும் கடலை அந்த மரங்கள் மட்டுப்படுத்தும். கடல் அதிகம் ஏறும் பௌர்ணமியன்று தண்ணீர் எதுவரை வருகிறதென்று பார்த்து, அந்த எல்லைக்குள் நட வேண்டும்.

தை மாதம், கொடுத்த வாக்குக்காகக் கடையில் நின்றுகொண்டு, கணவன் மாறனை அங்கே அனுப்பினாள். அவன் நெல் விளைத்த வீட்டுப் பிள்ளை. ஏற்கெனவே நட்டிருந்த இளங்கன்றுகளை உப்புத் தண்ணீர் முழுக்காட்டுவதைப் பார்த்து அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. சுற்றிலும் வரப்பு போடச் சொன்னான். தென்றல் மேடத்தின் வீட்டுக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குப்பமே மண் சுமந்தது.

கடல்நீர் வந்து வந்து போனால்தான் அலையாத்திக்கு உயிர். வரப்புக்குள் கன்றுகள் காய்ந்து கருகின. தென்றல் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஜோதியம்மாளோ, டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் மகனின் வரப்பைப் பற்றித்தான் பேசினாள்.

ஆவணியில், குப்பத்திலிருந்து தனம் போன் செய்தாள். "புதுக் கன்னு வந்துடுச்சு. மழைக்கு முன்னாடி வேர் புடிக்கலன்னா இந்தக் கன்னும் போச்சு, அப்புறம் தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான். பௌர்ணமிக்கு நீயே வா. வீட்டுக்காரர மட்டும் அனுப்பிடாத தாயி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

மறுநாள் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது ஜோதியம்மாளே கேட்டாள். "போன் வந்துதே, என்னவாம்?"

"கன்னு நடணுமாம் அத்தை."

"அதுக்கென்ன, மாறன் போவட்டும். இந்த வாட்டி இன்னும் ஜாஸ்தி உசரமா வரப்பு கட்டிட்டு வரட்டும்."

தென்றல் குனிந்தபடி கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். உண்மையைச் சொன்னால் அவன் முகம் சுண்டிப்போகும். சொல்லாவிட்டால் தனத்தின் வீட்டுக்குள் கடல்.

மாறன் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தான். "அந்த வரப்பாலதாம்மா கன்னு எல்லாம் செத்துப்போச்சு. எனக்குத் தெரியும். இவதான் எனக்காக மூடி வெச்சிருக்கா."

ஜோதியம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அடப்பாவி. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே."

"கல்லாவ நான் பாத்துக்குறேன்," என்றான் அவன், தென்றலைப் பார்த்து. "நீ கேளு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"அத்தை, இனிமே பௌர்ணமிக்கு என்னை அங்க விடுங்க."