தளி ரெண்டு

ஒரு மாதமாக ஆனந்தராஜின் போன் ஊமையாகக் கிடந்தது.

சூளகிரியில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் சர்வர்களை வெகுகாலமாக அவன்தான் பார்த்துவந்தான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். லேபிள் அச்சடிக்க வேண்டிய ஃபைல்களைத் தன் ஊர்ப் பெயரில் ‘தளி’ என்றொரு ஃபோல்டரில் போடுவான். அது நிறைந்தால் ‘தளி ரெண்டு’. லேபிள் ஒட்டாத பெட்டி கேட்டைத் தாண்டாது. ஆகவே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்குப் போன் வரும். “நீங்க இல்லாட்டி ஒன்னும் ஆவாது சார்.” அலுத்துக்கொள்வான். அந்த அலுப்பின் ருசி எந்தப் பாயசத்திலும் இருந்ததில்லை.

அதில் மண்ணைப் போட வேலைக்கு வந்து சேர்ந்தாள் ஜூஜுவாடி ஊர்க்காரி ஜெசி. எல்லா சர்வர்களையும் லினக்ஸுக்கு மாற்றினாள். அமைப்பு ஃபைல் என்றால் ‘ஈடிசி’ ஃபோல்டர், பதிவுகள் என்றால் ‘வார்’ ஃபோல்டர் என்று ஊர் உலகத்து வழக்கப்படி அடுக்கினாள். சூளகிரியிலும் ஓசூர் யூனிட்டிலும் ஒரே அடுக்கு. “இங்க எங்க இருக்குதோ, அங்கயும் அங்கதான் இருக்கும்” என்று ஷிப்டு ஆட்களுக்கும் காட்டிக்கொடுத்தாள். மீட்டிங்கில் மேனேஜர் கைதட்டினார். ஆனந்தராஜும் தட்டினான்; வயிறு பற்றி எரிந்தது. அவள் ஒருநாளும் அவனிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. சண்டைக்காவது வந்து தொலைத்தால் என்ன என்று இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை நேரத்தில் ஜெசி போனை அணைத்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து ஆனந்தராஜ் வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்தான். லேபிள் அமைப்பு ஃபைலை ஈடிசியிலிருந்து உருவி, இன்னும் அழிக்காமல் கிடந்த பழைய ‘தளி ரெண்டு’க்குள் ஒளித்தான். பிறகு குளித்து, தேய்த்த சட்டை போட்டு, ஷூவும் மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்தான்.

“லீவு நாள்ல எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி வினோதா.

“கம்பெனில கூப்புடுவாங்க.”

கூப்பிடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. பொறுக்கமாட்டாமல், ஷிப்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஹரீஷ்குமாருக்கு அவனே போன் அடித்தான்.

“ஹரீஷு, லேபிளெல்லாம் ஒழுங்கா வருதா?”

“நடுவுல நின்னுபோச்சு சார். பாத்தா ஈடிசில அந்த ஃபைலக் காணோம். ஓசூர் சர்வர்ல அதே எடத்துல இருந்துச்சு, எடுத்தாந்து போட்டுட்டேன். ஓடுது.”

“ஜெசிக்குப் போன் போட்டியா?”

“அவங்க எதுக்கு சார் இதுக்கு?”

அவளும் வேண்டியதில்லையாம். தன்னையே தேவையில்லாதவளாக ஆக்கிவிட்டு நிம்மதியாகக் கோவிலில் முழங்காலிட்டிருக்கிறாள். இப்படிப்பட்டவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டு என்ன பிரயோசனம்? இருந்தும் பட்டான், முன்னைவிட அதிகமாகவே பட்டான்.

ஒரு ஷூவைக் கழற்றியபோது போன் அடித்தது. பாழாய்ப்போன மனசு துள்ளியது. எடுத்தான், ஜெசி.

“சார், பூச முடிஞ்சு வந்து சர்வரப் பாத்தேன். எல்லாம் அததுங்க எடத்துல இருக்குது. ஒரு ஃபைல் மட்டும் தளி ரெண்டுல கெடக்குது. நான் அழிச்சிரட்டுமா சார், இல்ல நீங்களே அழிச்சிர்றீங்களா?”

வினோதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கம்பெனியா? கூப்புட்டுட்டாங்களா?”

ஒற்றை ஷூவோடு நின்ற ஆனந்தராஜ் ஆமாம் என்று தலையாட்டினான்.