பத்து நாளுக்கு ஒரு கார்டு

குழாய்க்காரர் ஆறாவது முறையாக என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வரிசைச் சீட்டு எடுத்து, முறைப்படி காத்திருந்து, தன் எண் வந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வருவார். குறுக்கே புகுந்து வந்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்காத மனிதர்.

"வணக்கம் மேடம். இன்னொரு சின்ன சந்தேகம்."

சின்ன சந்தேகமாம். முந்தின நாள் இதே சின்ன சந்தேகம்தான் நாற்பது நிமிடம் ஓடியது. எனக்குப் பின்னால் ஏ.சி. சொட்டுச் சொட்டாக வாளியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதையும் ஒரு பார்வை பார்த்து, "டியூப் அடைச்சிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த வங்கிக் கிளையில் விசாரணை மேசை என்னுடையது. இரண்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, போனால் போகிறது என்று நீட்டிப்பார்கள். இந்தத் தடவை மேலாளர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் இருபத்தைந்து டிராவல் கார்டு விற்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் என் நாற்காலியில் வேறொருத்தி. இருபத்து நாலு விற்றாயிற்று. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. இருபத்தைந்தாவது ஆள் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

டிராவல் கார்டு என்றால் ஒன்றுமில்லை. வெளிநாடு போகிறவர் புறப்படும் முன்பே எங்களிடம் பணத்தைக் கட்டி, அந்த நாட்டுக் காசாக மாற்றி, ஒரு அட்டையில் ஏற்றிக்கொண்டு போவது. ஏற்றியது தீரும்வரை செலவு செய்யலாம். ஏற்றவும் கட்டணம், மறுபடி ஏற்றவும் கட்டணம், மிச்சத்தைத் திருப்பி வாங்கவும் கட்டணம்.

குழாய்க்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டடங்களுக்குக் குழாய் போடுகிற வேலை. விரல் நகக்கண்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். அவர் மனைவி வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பார்த்து மூன்று வருடமாகிறது. அவள் பத்து நாள் விடுப்பு வாங்கிவிட்டாள், இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"மூணு வருஷமா அவ அனுப்புறா, நாங்க சாப்பிடறோம். வாடகை, பொண்ணு படிப்பு எல்லாம் அவ சம்பாத்தியம். என் கூலி கைக்கும் வாய்க்கும் சரியாப் போயிடும். ஞாயித்துக்கிழமை எல்லாம் வேல செஞ்சு இதுக்குன்னு தனியா சேத்து வெச்சிருக்கேன். இந்தப் பத்து நாள் அவ கைப்பையைத் தொறக்கக் கூடாது மேடம். டீயில இருந்து பஸ் டிக்கெட் வரைக்கும் என் கைதான் குடுக்கணும். அதுக்கு எந்தக் கார்டு நல்லது?"

கேட்டதும் நெகிழ்ந்துதான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆறாவது நாளில் அந்த நெகிழ்ச்சியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மனிதர் கேட்கிற கேள்வி அப்படி.

"என்கிட்ட இருக்கிற சாதா டெபிட் கார்டை அங்க தேய்ச்சா நூத்துக்கு மூணரை கூடப் போகும்னீங்க. அது எங்க போகுது?"

"பேங்குக்குப் போகுது."

"பேங்கு அதுக்கு என்ன வேல செய்யுது?"

கணினித் திரையைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். குழாயில தண்ணி கொறஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். கசியற எடத்தைக் காட்டுங்க, போதும்."

பக்கத்துக் கவுண்டரில் காசாளர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் போன பிறகு, "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேட்டா நீ என்னடி பண்ணுவ, பாவம்" என்பாள் தினமும்.

அதுதான் இல்லை. நல்ல கொள்ளி ஒன்று இருந்தது. என் மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய காலண்டர்களுக்கு அடியில், அதற்கான படிவக் கட்டு கிடந்தது. அதுவும் டெபிட் கார்டுதான், பயணிகளுக்கென்று வந்தது. அங்கே தேய்த்தால் அன்றைய நாணய மாற்று விலைக்கு இங்கே கணக்கிலிருந்து போகும். மூன்றரையும் கிடையாது, ஏற்றுகிற இறக்குகிற தொல்லையும் கிடையாது. கிளைக்கு ஒரு காசு லாபமில்லாததால் சுவரில் விளம்பரமும் கிடையாது. நூறு விற்றாலும் என் இருபத்தைந்தில் ஒன்றுகூடச் சேராது. "அவங்களா பேரைச் சொல்லிக் கேட்டா குடு. நீயா வாயைத் தொறக்காத" என்பது மேலாளரின் உத்தரவு.

குழாய்க்காரருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தெரியாததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார். அவர் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன், இப்படி ஆறு நாள்.

அன்று மேலாளரே எழுந்து வந்தார். குழாய்க்காரரின் தோளில் கைவைத்து, "உங்க பணம் பத்திரமா இருக்கணும்ங்கிறதுதான் சார் எங்க கவலையே" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். குழாய்க்காரர் தலைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போனார். இன்னும் ஒன்று.

"அங்க மெஷின்ல, நம்ம காசா அந்த நாட்டுக் காசான்னு கேக்குமாமே?" என்றார் குழாய்க்காரர்.

"அந்த நாட்டுக் காசுன்னே அழுத்துங்க. நம்ம காசுன்னு அழுத்தினா கடைக்காரன் மெஷின் தன் இஷ்டத்துக்கு விலை போடும். ஏமாந்துடாதீங்க."

எழுதிக்கொண்டார். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு உண்மையாவது சொல்லிவிட்டேன் பாருங்கள்.

நோட்டை மூடினார். "கடைசிக் கேள்வி. இதோட எந்திரிச்சிடறேன். உங்க கூடப் பொறந்தவங்க யாராவது வெளிநாடு போனா நீங்க எந்தக் கார்டு குடுப்பீங்க?"

என் தம்பி இரண்டு மாதத்துக்கு முன்புதான் பயிற்சிக்காகப் போய்வந்தான். கடைசி இழுப்பறையைத் திறந்து, படிவத்தை நானே நிரப்பி, மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் துணை மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, கார்டை அவன் கையில் கொடுத்தவள் நான்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. வரிசையில் இன்னும் பதினோரு பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆள் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. இதெல்லாம் சாக்கு, தெரிகிறது.

"என் தம்பியே போய்ட்டு வந்தான். இதைத்தான் குடுத்தேன்" என்று டிராவல் கார்டு விளம்பரத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"நல்லா இருந்துச்சா?"

"ஒரு குறை சொல்லல."

நாக்கு கொஞ்சம் தடுமாறியிருக்கக் கூடாதா? தடுமாறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. "இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே மேடம்! எவ்வளவு அலைச்சல்" என்று சிரித்தார். விளம்பரத் தாளின் அடிக்குறிப்பைக்கூட எழுத்தெழுத்தாகப் படித்த மனிதர், நான் காட்டிய ஐந்து இடங்களில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சேர்த்து வைத்ததில் பாதியை ஏற்றிக்கொண்டார். "பழைய கார்டை வீட்டுலயே வெச்சிட்டுப் போங்க, ரெண்டையும் தூக்கிட்டு அலைஞ்சா தொலைஞ்சிடும்" என்று, எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அவருக்கும் ஒப்பித்தேன். சரி என்றார்.

வேலை நிரந்தரமானது. சட்டையில் குத்திக்கொள்ள உலோகத்தில் புதுப் பெயர்ப் பட்டை கொடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அழுதாள். மூன்று வாரம் தூக்கம் வராமல் தவித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன்.

நான்காவது வாரம் குழாய்க்காரர் வந்தார். சீட்டு எடுத்து, காத்திருந்து, காலரைச் சரிசெய்துகொண்டு வந்தார். கார்டை மேசைமேல் வைத்தார்.

"இதுல இருக்கிறதை என் கணக்குக்கு மாத்தணும் மேடம்."

பார்த்தேன். ஏற்றியதில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. "என்ன இது, செலவே பண்ணலையா? அவங்களைப் பட்டினி போட்டுட்டீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். பாழாய்ப்போன வாய்.

"மூணாவது நாள் கடற்கரைப் பக்கம் கூட்டிட்டுப் போனேன் மேடம். ஓட்டல்ல கார்டை வாங்கித் தேய்ச்சாங்க. முன்பணம்னு கார்டுல இருந்ததுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் பிடிச்சு வெச்சாங்க. காலி பண்ணும்போது விட்டுட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா விட்டது கார்டுக்குத் திரும்பி வர்றதுக்குப் பன்னெண்டு நாளாச்சு. நான் ஊருக்கே வந்துட்டேன்."

"மறுபடி ஏத்தியிருக்கலாமே?"

"கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு அவ போன்ல பேசினேன். ஏத்தணும்னா ரகசிய எண் வருமாம், அது இங்கத்த சிம்முக்குத்தான் வருமாம். சிம் அங்க வேல செய்யல. என் கணக்குல பணம் கெடக்கு மேடம். போன்ல பாக்க முடியுது, எடுக்க முடியல. பழைய கார்டு வீட்டு பீரோல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவ கைப்பையைத் தொறந்தா."

நான் விசைப்பலகையில் அவர் கணக்கு எண்ணைத் தட்டினேன்.

"டீக்கு, பஸ்ஸுக்கு, எல்லாத்துக்கும் அவதான். உன் காசு என் காசுன்னு என்ன இருக்குன்னா. ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்தா மேடம். நான் பாக்கக் கூடாதுன்னு. நான் ஒரு கையில பையை வெச்சிக்கிட்டு சும்மா நிப்பேன். ஏழு நாள்."

திரை என்னைக் கேட்டது: திருப்பித் தரும் கட்டணம் பிடிக்கலாமா? ஆம் என்பதற்கு மட்டும்தான் பொத்தான் இருந்தது. வேண்டாம் என்பதற்கு இல்லை. நாலு தடவை பின்னால் போய் முன்னால் வந்து பார்த்தேன். அந்தத் தரித்திரம் பிடித்த பொத்தானைக் கடைசியில் அழுத்தினேன்.

"முடிஞ்சுதுங்க. நாளைக்குக் கணக்குல வந்துடும்."

"ரொம்ப நன்றி மேடம். அப்புறம் ஒன்னு. எங்கூட வேல செய்யற எலக்ட்ரீஷியன் அடுத்த மாசம் அவன் அக்காவைப் பாக்கப் போறான். உங்க தம்பிக்கும் ஓட்டல்ல இப்படித்தானே பிடிச்சு வெச்சிருப்பாங்க? அவர் எப்படிச் சமாளிச்சாருன்னு கேட்டுச் சொல்லுங்க. அவனாவது தப்பிச்சுக்கட்டும்."

அவர் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிப் பிழைத்திருப்பேன். நிஜமாகவே நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பிக்கும் அப்படித்தான் ஆனது என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஒரு தடவை வந்த பொய்க்கு வழி தெரியாதா என்ன.

குனிந்து கடைசி இழுப்பறையைத் திறந்தேன். காலண்டர்களைத் தூக்கி வெளியே போட்டேன். ஒரு படிவத்தை உருவி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்துப் படித்தார். எங்கள் இரண்டு பேரையும் மேலாளர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் டெபிட் கார்டா?"

"ஆமா."

"கணக்குல இருந்து நேராப் போகுமா? ஏத்த வேண்டாமா?"

"வேண்டாம்."

"அந்த மூணரை?"

"கிடையாது."

"நான் அன்னிக்கு வந்தப்போ இது இருந்துச்சா?"

"இதே எடத்துல இருந்துச்சு."

"அப்போ உங்க தம்பி..."

"இதுலதான் போனான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஏங்கினேன் என்பதுதான் சரி. கத்தியிருந்தால் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மேலாளர் என்ன செய்தாலும் செய்யட்டும் என்று இருந்திருப்பேன். அவர் படிவத்தை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தார். பேனாவை மூடினார். எழுந்தார்.

"ஒரு கேள்வி மேடம்."

"கேளுங்கண்ணா."

என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல, விடுங்க" என்றார்.

நடந்தார். நான் எழுந்துவிட்டேன். "கேட்டுட்டுப் போங்கண்ணா" என்று என்னையறியாமல் கத்தினேன். காசாளர் அக்கா எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.