வள்ளம் போட்ட புத்தகம்

அந்த நாவல் துணுக்காய் வாசிகசாலைக்கு வந்து பதினொரு நாளாகியும் யார் கைக்கும் போகவில்லை. மேசையின் இழுப்பறை லாச்சிக்குள் கிடந்தது.

அது வந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். வாசிகசாலைக்குப் பொறுப்பான பரமேஸ்வரன் மாஸ்டர் பென்ஷன் அலுவலாக வவுனியாவுக்குப் போய், வன்னியை விட்டு வெளியே போகக் கொடுத்த பாஸ் முடிகிற நாளில் திரும்பி வந்து, உடுப்புப் பையைக் கவிழ்த்தபோது ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். வேட்டிக்குள் சுற்றியபடி மூன்று நாவல்கள். மூன்றும் அப்போதுதான் அச்சாகி வந்தவை. பற்றறியும் சவர்க்காரமும் வன்னிக்குள் வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. இருந்தாலும் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று புதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இரண்டு நாவல்கள் மறுநாளே இரவல் போய்விட்டன. மூன்றாவதின் அட்டையில் பச்சைக் கடல், அதில் ஒரு வள்ளம். எழுதியவர் பெயர் யாருக்கும் பழக்கமில்லை. வாசகர்கள் அதை ‘வள்ளம் போட்ட புத்தகம்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். புத்தகம் கொடுக்கும் அனோஜா, துண்டு இன்னும் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

துண்டு என்பது அவள் கொண்டுவந்த பழக்கம். யாழ்ப்பாணத்துக் கம்பசில் இரசாயனவியல் படித்துப் பட்டம் எடுத்தவள் அவள். அந்தப் பட்டத்துக்கு வன்னியில் ஆய்வுகூடமும் இல்லை, வேலையும் இல்லை. ஒன்றரை வருடமாக இங்கே தொண்டராக இருந்தாள். புதுப் புத்தகம் வந்தால் சனிக்கிழமை வாசகர்களுக்கு முன் நின்று நான்கு வார்த்தை சொல்ல வேண்டும், சும்மா அடுக்கி வைத்தால் சனம் எடுக்காது என்பது மாஸ்டரின் கொள்கை. முதல் சனிக்கிழமை அனோஜா எழுந்து நின்றாள். எழுதியவர் பெயரையும் பக்கங்களின் தொகையையும் சொன்னாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கிழமையிலிருந்து, சொல்ல வேண்டியதை ஒரு துண்டில் எழுதி அட்டைக்குள் செருகி வைத்தாள்.

ஆய்வுகூடத்துப் போத்தல்களில் ஒட்டியிருக்கும் சுட்டிகளைத் தவிர அவள் வேறெதையும் பார்த்து எழுதப் பழகியவள் அல்ல. அவற்றில் உள்ளே இருப்பது என்ன, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று இரண்டே வரி இருக்கும். துண்டுகளும் அப்படித்தான் வந்தன. ‘240 பக்கம். கொழும்பில் நடக்கிறது. கணவனும் மனைவியும் சண்டையில்லாமல் பிரிகிறார்கள். சாவு இல்லை.’ இன்னொன்றில், ‘180 பக்கம். நல்ல நாவல். பக்கம் 64இல் குழந்தை சாகிறது. 60 முதல் 71 வரை விட்டு வாசித்தாலும் கதை விளங்கும்.’ மாஸ்டர் முதலில் தலையில் கைவைத்தார். இலக்கியத்துக்கு யாராவது இப்படி மருந்துச்சீட்டு எழுதுவார்களா என்று கேட்டார். ஆனால் சனம் எடுத்தது. புத்தகத்தைத் திறக்குமுன் துண்டைத் தேடி வாசித்தது. எந்த வீட்டில் எது நடந்தது என்று அனோஜாவுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வந்தவர்கள் உறுப்பினர் அட்டை எடுக்கும்போதே பாதியைச் சொல்லிவிடுவார்கள். ஷெல்லில் பிள்ளையைக் கொடுத்தவளுக்கு அறுபத்துநான்காம் பக்கத்தைப் பற்றி முன்கூட்டிச் சொல்லிவிடுவது அவளுக்கு ஒரு சாதாரண ஒழுங்காகவே பட்டது.

பழைய பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு அங்கேயே மத்தியான நித்திரை கொள்ளும் ஏரம்பு மட்டும் துண்டுகளைப் பகிடி பண்ணுவார்.

“சாவு இல்லாத புத்தகமெண்டா எனக்கு வேண்டாம் பிள்ளை. பத்தாம் பக்கத்திலயே கண் சொருகிடும். ஆராவது செத்தாத்தான் நான் முழிச்சிருப்பன்.”

வள்ளம் போட்ட புத்தகத்துக்கு அவள் துண்டு எழுதத் தொடங்காமல் இல்லை. ‘212 பக்கம். கடல். பக்கம் 97 முதல் 121 வரை’ என்று எழுதினாள். வழக்கமாக அடுத்து வரும் வரி வரவில்லை. அந்தப் பக்கங்களை விட்டால் நாவல் இல்லை. இந்தியாவுக்குத் தப்பிப் போகும் சனங்களை ஒரு வள்ளக்காரன் இரவில் ஏற்றிப் போகிறான். கடலுக்கு நடுவே தலைகாட்டும் மணல்திட்டு ஒன்றில், தீடை என்பார்கள், அவர்களை இறக்கி, இதுதான் கரை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான். விடிந்த பிறகுதான் சுற்றிவரக் கடல் என்று தெரிகிறது. காற்று எழும்புகிறது. நூற்று இருபத்தோராம் பக்கத்தில் மணல் இல்லை.

மாஸ்டர் ஏன் என்று கேட்டபோது, மார்கிறட் அன்ரிக்காக யோசிக்கிறேன் என்றாள். நியாயமான காரணம். மார்கிறட்டின் கணவர் யாகப்பு நாயாற்றுக் கடலில் தொழில் செய்தவர். அங்கே தொழில் படுத்த பிறகு மேற்குக் கரைக்கு வந்து, கண் மங்கும்வரை இந்தியாவுக்கு ஆள் ஏற்றிய வள்ளம் ஓட்டினார். மார்கிறட் சனிக்கிழமைதோறும் ஒரு நாவல் எடுத்துப் போய், பொழுது படுமுன் அவருக்கு வாசித்துக் காட்டுவார். நாவலில் வரும் வள்ளக்காரனோ, இறக்குமுன் பெண்களின் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்கிறவன். இதை எப்படி ஒரு வள்ளக்காரனுக்கு வாசித்துக் காட்டுவது.

“நல்லது. அப்ப நான் வவுனியாவிலயிருந்து காவிக்கொண்டு வந்தது லாச்சி வாசிக்கிறதுக்கோ?” என்றார் மாஸ்டர்.

சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் பாதிதான். அவளுடைய அண்ணன் கிருபனும் வள்ளம் ஏறியவன். தொண்ணூற்றேழில், சோழகக் காற்றுக் காலத்தில், விடத்தல்தீவுப் பக்கம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் அங்கிருந்து கடல் ஏறிவிட்டான் என்று வீட்டுக்கு ஆள் வழியாகச் செய்தி வந்தது. யாருடைய வள்ளம் என்று தெரியாது. அனோஜா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். படிப்பு முடிந்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, வவுனியா சுற்றி வீடு சேர்ந்தபோது அவன் போய்ப் பத்து மாதமாகியிருந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. அந்த இருபத்தைந்து பக்கங்களையும் அவள் நான்கு முறை வாசித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் தீடையில் நின்றவர்களைத் தன்னையறியாமல் எண்ணினாள்.

அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. கமலாட்சியும் அப்பா சுடலைமுத்துவும் எழுபத்தேழுக் கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள். மகன் இந்தியாவுக்குப் போனது அம்மாவுக்கு அந்நியம் போனதாகவே படவில்லை. பாட்டன் ஊருக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். அம்மாவின் கணக்கில், முதல் வருடம் அங்கே அவனுக்கு வேலை கிடைத்தது. இரண்டாம் வருடம் மாமன் முறைக்காரர் ஒருவர் பெண் கொடுத்தார். மாஸ்டர் வவுனியா போய் வரும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று கேட்பாள்.

“மாஸ்டரு வந்துட்டாராமே. காயிதம் ஏதும் கொண்டாந்தாரா, புள்ள?”

இல்லை என்றால் முகம் வாடாது. பிள்ளை குட்டியென்று ஆகியிருக்கும், எழுத நேரம் எங்கே என்பாள். அம்மாவின் கதையில் சாவு இல்லை. அதற்கு அனோஜா துண்டு எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. மார்கிறட் பனையோலைப் பையோடு வந்தார். அவர் இருந்தது மல்லாவியில். அங்கேயும் ஒரு வாசிகசாலை இருந்தது. அதைத் தாண்டித்தான் இவ்வளவு தூரம் வருவார். துண்டுகளுக்காக வருகிறார் என்று அனோஜா நினைத்திருந்தாள். வந்தால் முதலில் அம்மாவைச் சுகம் விசாரிப்பார். பையிலிருந்து சூடைமீன் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து, கொண்டுபோய் அம்மாவிடம் கொடும் என்று வைப்பார். பிறகு அலுமாரியில் கைக்கு அகப்பட்ட நாவலை எடுத்துக்கொண்டு, அட்டையைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். அன்று அலுமாரிப் பக்கம் போகவில்லை.

“லாச்சியில கிடக்கிறதைத் தாரும் பிள்ளை.”

துண்டு எழுதவில்லை என்றாள் அனோஜா.

“துண்டில்லாமத் தாரும்.”

“அதில வள்ளக்காரரைப் பற்றிக் கூடாமல் எழுதியிருக்கு, அன்ரி. ஐயாவுக்கு வாசிச்சுக் காட்ட ஏலாது.”

“என்னெண்டு எழுதியிருக்கு?”

“ஆக்களைத் தீடையில விட்டிட்டுப் போறான்.”

மார்கிறட் பையின் காதை மடக்கினார். விரித்தார். திரும்பவும் மடக்கினார்.

“எங்கள் எல்லாருக்கும் துண்டு எழுதி வைக்கிறீர். உமக்கு ஆர் எழுதினது?”

அனோஜா லாச்சியைத் திறந்து கொடுத்தாள். அவள் துண்டு எழுதத் தொடங்கிய பிறகு, துண்டு இல்லாமல் போன முதல் புது நாவல் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புத்தகம் திரும்பி வந்தது. அது மார்கிறட் வருகிற நாளே இல்லை. உள்ளே ஏரம்பு மட்டும் பேப்பருக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மார்கிறட் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, மேசைக்கு எதிரே கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். ஒன்றரை வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்ததில்லை.

முழுவதும் வாசித்துக் காட்டினேன் என்றார். தீடை வரும் இடம்வரை யாகப்பு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கேட்டாராம். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். விளக்கைக் கொளுத்தியதும், சரி, மிச்சத்தையும் வாசி என்றார். நூற்று இருபத்தோராம் பக்கம் முடிந்தது. அடுத்த அத்தியாயம் வேறெங்கோ தொடங்கியது. யாகப்பு கையைக் காட்டினார்.

“அவையளை ஏத்த அவன் திரும்பிப் போனவனெண்டு எழுதேல்லையோ எண்டு கேட்டார். நான் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பாத்தனான் பிள்ளை. எழுதேல்லை.”

பிறகு மார்கிறட் யாகப்புவுக்கு நடந்ததைச் சொன்னார். சோழகம் பிடித்திருந்த காலம். நடுக்கடலில் நேவியின் வெளிச்சம் தெரிந்தது. வள்ளத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு ஓட முடியாதென்று யாகப்பு எல்லோரையும் தீடையில் இறக்கினார். வெளிச்சம் அப்பால் போனதும் வந்து ஏற்றுகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தார். திரும்புகையில் எஞ்சினில் நேவி சுட்ட வெடி பட்டது. இழுபட்டுக் கரை சேர்ந்து, வேறொரு எஞ்சினை இரந்து வாங்கிக்கொண்டு போக மூன்றாம் இரவாகிவிட்டது. அதற்கிடையில் இந்திய வள்ளம் ஒன்று வந்து நின்றவர்களை ஏற்றியதாகப் பின்னால் அறிந்தார். அவர் போனபோது தீடையில் ஒருவன்தான் உயிரில்லாமல் கிடந்தான்; அவனைக் கொண்டுவந்து கரையில் புதைத்தார். பாஸ் இல்லாமல் ஆள் ஏற்றியது வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். அதனால் அவர் வாயே திறக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

“அந்தப் பெடியன் ஏறேக்கயே பெருமையாச் சொன்னவனாம். எங்கட வீடு துணுக்காய், தங்கச்சி கம்பசில சயன்ஸ் படிக்கிறாளெண்டு.” மார்கிறட் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீர் இஞ்ச வேலைக்கு வந்திருக்கிறீரெண்டு கேள்விப்பட்ட சனியே வந்தனான். சொல்லத்தான் வாறனான், ஒவ்வொருக்காலும். கருவாட்டைத் தந்திட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிடுவன்.”

வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அனோஜா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“எங்க?” என்றாள்.

“விடத்தல்தீவுக்கு இந்தப் பக்கம், கடலோரக் கண்ணாக் காட்டுக்குக் கிட்ட. சைவமெண்டு தெரிஞ்சபடியா குருசு நடேல்லை. பூவரசங் கம்பு ஒண்டு ஊண்டினவர். அது இப்ப மரமா நிக்குமாம்.”

மார்கிறட் எழுந்தார். அலுமாரியைப் பார்த்தார். எதையும் எடுக்காமல் போனார். அனோஜா ஒரு துண்டை எடுத்து எழுதினாள். ‘212 பக்கம். கடல். எந்தப் பக்கத்தையும் விட்டு வாசிக்க முடியாது.’ அட்டைக்குள் செருகினாள். புது வரவுத் தட்டில் நிமிர்த்தி வைக்கும்போது ஏரம்பு பேப்பரை விலக்கி, ஒரு கண்ணால் பார்த்தார்.

“ஒருமாதிரி வெளியில வந்திட்டுது. அதுக்குள்ள ஆராவது சாகினமோ பிள்ளை?”

“ஓம்,” என்றாள்.

“அப்ப இஞ்சால தாரும்.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கல்லில் ஒன்று வெந்துகொண்டிருந்தது. அப்பா வயலிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா திரும்பாமலே கதை சொன்னாள். விடியற்காலையில் கனவாம். கிருபன் ஒரு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தானாம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்குள் சேவல் கூவிவிட்டதாம். பெண்ணாய்த்தான் இருக்க வேண்டும், காதில் ஏதோ மினுங்கியது.

அனோஜா சைக்கிளைச் சுவரோடு சாத்தினாள். செருப்பைக் கழற்றினாள். அடுப்படி வாசலில் வந்து நின்றாள். துண்டில் எழுதுவது போல, முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னாள்.

“அம்மா, கல்லை எறக்கி வச்சிட்டுக் கொஞ்சம் உக்காருங்க.”

“ஏன் புள்ள, காயிதம் வந்துருச்சா?”

“நீங்க உக்காருங்க.”

கமலாட்சி கல்லை இறக்கினாள். ரொட்டியின் ஒரு பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. கையில் ஒட்டிய மாவோடு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். விரல்களுக்கு நடுவே மாவு காயத் தொடங்கியிருந்தது.

“அண்ணன் செத்துப்போச்சும்மா,” என்றாள் அனோஜா.