தடிக்கு அடி எது

குகதாசனின் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். அவருடைய கோல்ப் தடியோ ஆறடியையும் தாண்டி வளர்ந்த ஒரு வெள்ளைக்காரனுடையது. அந்த மனிதன் வீடு மாறும்போது வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்குள் இருந்ததை, பையும் பந்துமாகச் சேர்த்து வாங்கிக்கொண்டு கனடாவிலிருந்து கோப்பாய்க்குத் திரும்பியவர் குகதாசன். அங்கே முப்பது வருஷம் தொழிற்சாலையில் நின்றவருக்கு விளையாட நேரம் கிடைக்கவில்லை. இங்கே நேரம் இருந்தது. விளையாட இடம்தான் இல்லை.

இடம் இல்லையென்று மற்றவர்கள் சொல்லலாம். அவருடைய கண் கிணற்றடியில் இருந்தது. அங்கே மனைவி கமலாவதியின் கத்தரித் தோட்டம். மேசை போலச் சமனான துண்டு. அதில் புல் வளர்த்து, நடுவில் ஒரு குழி வெட்டி, பந்தை மெல்ல உருட்டி விழுத்திப் பழகவேண்டும் என்பது அவருடைய ஆசை.

பனி கொட்டுகிற ஊரில், ஒன்பதாம் மாடியில், ஒரு வாளிக்குள் இரண்டு மிளகாய்க் கன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் மண்ணுக்கு ஏங்கியவள் கமலாவதி. இப்போது நாற்பது கத்தரி பூத்து நிற்கிறது. புல்லைப் பிடுங்கிக் கத்தரி வைத்தவர்களை உலகம் கண்டிருக்கிறது. கத்தரியைப் பிடுங்கிப் புல் வைக்கிற மனிதரை அவள்தான் கட்டியிருக்கிறாள்.

"இஞ்சருங்கோ, முதல்லை உங்களுக்கு அடிக்கத் தெரியுமோ?"

"தெரியாமலே உவ்வளவு பாரத்தையும் காவிக்கொண்டு வந்தனான்?"

"அப்பிடியெண்டால் ஞாயிற்றுக்கிழமை அடிச்சுக் காட்டுங்கோ. எங்கடை முத்தத்திலை நிண்டு அடிக்கிற பந்து ஆழ்வாப்பிள்ளையண்ணையின்ரை வேலி பாயவேணும். பாய்ஞ்சால் கத்தரியை நானே பிடுங்கித் தாறன். பாயாட்டில் புல்லுக் கதை இந்த வீட்டிலை எடுக்கப்படாது."

ஆழ்வாப்பிள்ளையின் வேலி, வெங்காயம் கிண்டி முடித்த வெறுங்காணிக்கு அப்பால், நூற்றறுபது கஜத் தூரத்தில் இருந்தது. கிளுவைக் கிளைகளைக் கதியாலாக நட்டு, ஆள் உயரத்துக்கு ஓலை வைத்து அடைத்த வேலி. குகதாசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.

ஓம் என்றது வாய். கை என்ன சொன்னது என்றால், தடி நீளம் கூட என்றது. வீசினால், பந்தில் படவேண்டிய தடியின் தலை எங்கேயோ ஊர் சுற்றிவிட்டு வந்தது. மூன்று நாள் பழக்கத்தில் பந்தைவிட மண்தான் கூட அடி வாங்கியது. நாலாம் நாள் ஒரு பந்து பூவரசில் பட்டுத் திரும்பி வந்து அவருடைய முழங்காலையே பதம் பார்த்தது.

முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கும்போது, கனடாவில் ஒரு கடைக்காரன் சொன்ன புத்தி நினைவுக்கு வந்தது. கட்டை ஆளுக்குத் தடியைக் கைப்பிடிப் பக்கம் குறைக்கவேணும் என்றவன் அவன். கைப்பிடிப் பக்கம் தடி மொத்தம், நல்ல பருமன்; தலைப் பக்கம் மெல்லிசு. மூங்கிலென்றாலும் பனையென்றாலும் மொத்தப் பக்கத்துக்குப் பெயர் அடிதானே? அப்படித்தான் குகதாசன் தமிழ்ப்படுத்தினார்.

"கமலம், கொக்குவிலுக்குப் போறியெல்லே. இதைக் கிறகோரியிட்டைக் குடுத்து, அடியிலை ரெண்டு அங்குலம் வெட்டித் தரச் சொல்லு."

கிறகோரி கொழும்புத்துறை ஆள். கொக்குவிலில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். தூண்டில் தடிகளும் அவனிடம் வைத்தியத்துக்கு வரும். கோல்ப் தடியை வாங்கி ஆட்டிப் பார்த்த உடனே அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல சாமான் அக்கா. எங்கடை தூண்டில் தடியின்ரை சாதிதான். எங்கை வெட்ட?"

"அடியிலை ரெண்டு அங்குலமாம்."

"இதிலை எது அடி?" கிறகோரி தலையைச் சொறிந்தான். "இந்த மொத்தப் பக்கம் வெட்டினால் பெரிய சோலியில்லை. தடி கட்டையாகும், கைக்கு அடங்கும். உந்த மெல்லிசுப் பக்கம் வெட்டினால் வேறை கதை. வளைஞ்சு குடுக்கிறதே அந்த இடந்தான். அதை எடுத்தால் தடி விறைச்சுப்போம். பந்து மேலை எழும்பாது."

"எழும்பாதோ?"

"பதிஞ்சுதான் போகும்."

கமலாவதியின் கண்ணுக்குள் நாற்பது கத்தரியும் பூவோடு வந்து நின்றன. அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. தடியை வாங்கி, தலை நிலத்தில் முட்ட நிமிர்த்திப் பிடித்தாள்.

"நீரே பாரும் தம்பி. நிலத்திலை நிக்கிறது அடியில்லாமல் வேறை என்ன?"

கிறகோரி அவளை ஒருமாதிரிப் பார்த்தான். "அண்ணை அப்பிடியே சொன்னவர்?"

"அவர் அடி எண்டுதான் சொன்னவர்."

இதில் எந்தச் சொல் பொய், சொல்லுங்கள் பார்ப்போம்.

கிறகோரி தலைக்குச் சூடு காட்டிப் பசையை இளக்கிக் கழற்றினான். மெல்லிய பக்கத்தில் இரண்டு அங்குலம் அரிந்துவிட்டு, பசை போட்டு மறுபடி பொருத்தினான். வீட்டில் குகதாசன் அளவு நாடா பிடித்துப் பார்த்தார். சரியாக இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. எந்தப் பக்கத்தில் குறைந்தது என்று நாடா சொல்லாது.

"கைக்கு நல்ல அடக்கம்," என்றார் வீசிப் பார்த்து. "தலைதான் கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி."

"உங்களுக்குப் பெலன் கூடியிட்டுது," என்றாள் கமலாவதி.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வாப்பிள்ளை நடுவராக வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். ஊர் வழக்கெல்லாம் தீர்த்துப் பழகிய மனிதர், எழுபது கடந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. கிறகோரி தன் கைவேலையைப் பார்க்கச் சைக்கிளில் வந்திருந்தான்.

குகதாசன் வீசினார். தடி கட்டையானதில் தலை இந்தமுறை ஊர் சுற்றப் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்து தடியின் நடு நெற்றியில் பட்டது. ஆனால் எழும்பவில்லை. நாய் துரத்திய முயல் போல, இடுப்பளவுக்கும் மேலே வராமல் பறந்து, இறுகிய செம்மண்ணில் குத்தி, ஓடி, ஓடி, வேலியடியில் காணாமற்போய்விட்டது.

நாலு பேரும் காணியைக் கடந்து போய்ப் பார்த்தார்கள். வேலியின் கீழே ஒரு பொட்டு. நாய்கள் நுழைந்து நுழைந்து பெருத்த ஓட்டை. பந்து அதற்குள்ளால் புகுந்து, அங்கால் ஆழ்வாப்பிள்ளையின் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது.

"அங்காலை போட்டுது," என்றார் குகதாசன்.

"பாயவேணும் எண்டதுதான் கதை," என்றாள் கமலாவதி. "உது பூந்தது."

குகதாசன் தடியைத் திருப்பிப் பார்த்தார். தலைக்கு மேலே புதுப் பசை பளபளத்தது. "கிறகோரி, தலைப் பக்கமே வெட்டினனி? அதுதான் எழும்பேல்லை."

"அடியிலை எண்டு சொல்லிவிட்டது நீங்களெல்லே அண்ணை."

"அடியெண்டால் மொத்தப் பக்கம். தென்னைக்கு அடி எது?"

"தென்னையை ஒருத்தரும் தலைகீழாய்ப் பிடிச்சு விளையாடுறேல்லையே. நான் கேட்டனான், அக்காதான்..."

கமலாவதி அவனைப் பார்த்தாள். கிறகோரிக்கு உடனே தன் சைக்கிள் செயினில் ஏதோ பிழை இருப்பது தெரிந்தது. முற்றத்துக்கு நடந்துவிட்டான்.

"தடியின்ரை வழக்கை விடுங்கோ," என்று ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நான் எத்தினை மாட்டு வழக்குத் தீர்த்தனான். வேலி பாய்ஞ்ச மாடெண்டால் பிழை மாட்டுக்காரனிலை. பொட்டாலை பூந்த மாடெண்டால் பிழை மாட்டுக்காரனிலை இல்லை. பொட்டு அடையாமல் விட்ட வேலிக்காரனிலை. இது பூந்ததுதான்."

"அப்ப என்ரை கத்தரியிலை ஒருதரும் கை வைக்கேலாது?"

"ஏலாது பிள்ளை."

"இவரிலையும் பிழையில்லை?"

"இல்லை."

"அப்ப இவருக்குப் புல்லுப் போன நட்டத்துக்கு வேலிக்காரன்தான் பொறுப்பு. வேலி ஆரின்ரை அண்ணை?"

ஆழ்வாப்பிள்ளை தன் வேலியைப் பார்த்தார். அதுவரை அது தன்னுடையது என்பது அவருக்கு இவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததில்லை.

"கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு துண்டு சும்மா கிடக்கு," என்றார் குகதாசன் எட்டிப் பார்த்து. "நல்ல சமன்."

"அது மாடு கட்டுற இடம் தம்பி."

"மாடு புல்லை வேண்டாமெண்டு சொல்லுமோ?" என்றாள் கமலாவதி. "வெட்டவும் ஆள் தேடத் தேவையில்லை. தண்ணி எங்கடை கிணத்திலை எடுங்கோ."

"தீர்ப்பை ஒருக்கால் ஒத்திவைச்சால் என்ன?" என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. குகதாசன் நோகிற முழங்காலையும் மறந்து குனிந்து பொட்டுக்குள்ளால் அங்கால் போய்விட்டார். கமலாவதி ஓடிப்போய்ப் பையைத் தூக்கி வந்து, அவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கமலம், அடியிலை எண்டு நான் சொன்னது உனக்கு விளங்கினதுதானே?"

"விளங்கினது."

"அப்ப?"

"பையைப் பிடியுங்கோ. எனக்குக் கை நோகுது."