இடது மணிக்கட்டு

உளுந்து பிடுங்கிய வயல் வெடித்துக் கிடந்தது. அறிவுச்செல்வன் அடித்த பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் திரும்பி வாய்க்கால் கரையில் போய் விழுந்தது. உரச்சாக்கும் கையுமாக எதிர் வரப்பில் நின்ற அவன் அப்பா வேம்பையன், வெடிப்புக்குள் கைவிட்டு நேற்றைய பந்து ஒன்றைத் தோண்டி எடுத்தார்.

“நேரா வந்துச்சாப்பா?”

“வரல. வாய்க்காலுக்குப் போச்சு.”

பொய் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. ரேஷன் கடைத் தராசையும் வானிலைக்காரன் பேச்சையும் டாக்டரையும் ஒரே மாதிரி நம்பாதவர். சென்னையில் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பையைச் சுமந்த மகன், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான் என்பதையும் முதலில் நம்பவில்லை. திங்கட்கிழமை தேர்வு. தேறினால் அங்கேயே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை. தவறினால் பழையபடி பை சுமப்பதுதான். அடுத்த மாதம் அவனுக்கு முப்பது வயது முடிகிறது, அதற்குமேல் தேர்வில் சேர்க்க மாட்டார்களாம்.

ரோட்டில் வண்டியை நிறுத்தினான் பக்கத்துத் தெரு நெடுமாறன். “என்ன பெரியப்பா, பந்து பொறுக்கற வேலைல சேந்துட்டீங்களா?”

“ஆமாடா. ஒங்கப்பன் சிபாரிசுலதான் கெடச்சுது. போவியா.”

மட்டையை ஓங்கும்போது இடது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக மடங்கி, புறங்கை பலகைபோல நிற்க வேண்டுமாம். இறக்கும்போது அந்த மடிப்பைக் கடைசிவரை விடக்கூடாதாம். அதைப் பழகக் கடிகார வாருக்குள் ஒரு மர ஸ்கேலைச் செருகியிருந்தான் மகன். மணிக்கட்டு பாதிவரை மடங்கும், பிறகு பூட்டியதுபோல நின்றுவிடும். மீதிக்குக் கை பின்னால் சாயும், ஸ்கேல் புறங்கையைக் குத்தும், பந்து வாய்க்காலுக்குப் போகும். வேம்பையனுக்கே பாடமாகிவிட்டது.

சாக்கோடு அவர் மகனிடம் வந்தபோது, சென்னையில் அவனுக்குச் சொல்லித்தரும் கோச் பேசி அனுப்பியதைப் போனில் சத்தமாக வைத்திருந்தான்.

“வீடியோ பாத்தேன் அறிவு. எலும்பு ஒழுங்கா கூடாத கை மாதிரி இருக்கு. சின்ன வயசுல ஒடஞ்சதுன்னியே, மாவுக்கட்டு முழுசா இருந்துச்சான்னு வீட்ல கேளு. இல்லன்னா இது பழக்கத்துல வராதுப்பா. இருக்கற கையையும் கெடுத்துக்காத.”

ஆறு வயதில் டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்த கை. ஆறு வாரம் கட்டு இருக்கட்டும் என்றார் டாக்டர். சும்மா அலைய விடுகிறான் என்று இருபதாம் நாளே கதிர் அரிவாளால் கட்டை அறுத்துப் போட்டவர் வேம்பையன்தான். பிள்ளைக்கு அப்போது நாள்கணக்குத் தெரியாது. தடுத்துப் பார்த்த அவன் அம்மா இப்போது இல்லை.

“ஆறு வாரமும் கட்டு இருந்துச்சாப்பா?”

“இருந்துச்சு.”

அது வாயிலிருந்து வந்த வேகம் அவருக்கே புதிதாக இருந்தது.

மகனுடைய முகம் தெளிந்தது. “அப்ப எலும்பு சரியாத்தான் கூடியிருக்கு. நரம்பு இறுகிக் கெடக்கு, அவ்ளோதான். நாலு நாள்ல இளக்கிடலாம்.” கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். “கட்டைவிரல் பக்கமா மடக்கி அழுத்துங்க. போதும்னு சொல்றவரைக்கும் விடாதீங்க.”

“வேணாம்டா. அந்தாளு சொல்றாருல்ல.”

“நீங்க யாரு சொல்லி எப்பப்பா கேட்டிருக்கீங்க?” என்று சிரித்தான்.

வேம்பையன் சாக்கைக் கீழே போட்டார். மண் ஒட்டிய இரண்டு கைகளாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். தோலுக்கடியில் எலும்பு ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தது. கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினார். மகன் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“இன்னுங் கொஞ்சம்ப்பா.”